புது உப்பு

ஞானபாய் இறந்து எழுபத்தோராம் நாள்தான் தேவபிரசாதம் சோப்புப் பானையைத் தொட்டார். அதுவும் ஆலந்தலையிலிருந்து சலேத்து போன் பண்ணிக் கேட்ட பிறகு.

"அண்ணாச்சி, தொந்தரவு பண்ணுதான்னு நெனக்காதிய. சோப்பம்மா வச்சுட்டுப் போன கேன் எதுவும் வீட்டுல கெடக்கா? இங்கன ஒரு சொட்டு கெடயாது. கடச் சோப்பப் போட்டா மீன் வாடையும் போவல, வெட்டுக்காயம் வேற எரியுது."

"பாக்கேன்மா" என்றார்.

பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கடைசிக் கேன் கார்த்திகையிலேயே தீர்ந்துவிட்டது. ஆனாலும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஞானபாய் போன பிறகு அவளைக் கேட்டு யாராவது போன் செய்தது அதுதான் முதல் தடவை.

அவர்கள் வீடு முத்தையாபுரத்தில், உப்பளத்துக்குப் போகிற ரோட்டில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பு இறக்கி, அதில்தான் அவள் சோப்புக் காய்ச்சினாள். நாசரேத்துக்காரி. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் கெமிஸ்ட்ரி லேபில் இருபத்திரண்டு வருஷம் அசிஸ்டென்டாக இருந்தவள். தேவபிரசாதம் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணி, கிழிந்தது இத்தனை, நனைந்தது இத்தனை என்று எழுதிக் கொடுப்பது வேலை. இருவரும் ஒரே வருஷம் ஓய்வு பெற்றார்கள். பிள்ளைகள் இல்லை.

சோப்பு தொடங்கியது ஒரு பஸ்ஸில். உடன்குடியில் இருந்த தன் தங்கையைப் பார்க்க ஞானபாய் திருச்செந்தூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். வழியில் கூடையோடு ஏறின ஒரு பெண்ணைப் பார்த்து, முன்சீட்டுக்காரர் ஒருவர், "எறங்கும்மா, நாறுது" என்றார். ஞானபாய் நகர்ந்து உட்கார்ந்து, "இங்கன வா" என்று அந்தப் பெண்ணைப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். உட்கார்ந்ததும் அவள் கையைப் பிடித்து உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். சோறு கறி ஆச்சா என்று கேட்கிறவள் இல்லை ஞானபாய். "என்ன சோப்பு போடுத?" என்றுதான் கேட்டாள். அந்தப் பெண்தான் சலேத்து. அடுத்த வாரம் ஞானபாய் தான் காய்ச்சின சோப்பு ஒரு பாட்டிலோடு ஆலந்தலையில் போய் இறங்கினாள். ஆறு வருஷம், மாதம் இரண்டு கேன். மீன் வெட்டுகிற பதினோரு பெண்கள் கரையில் வைத்து ஊற்றிப் பங்கிட்டுக் கொள்வார்கள். கழுவிவிட்டு பஸ் ஏறினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தேவபிரசாதம் அவளுடைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தேங்காய் எண்ணெய் இத்தனை கிலோ, பொட்டாஷ் காரம் இத்தனை கிராம், கரைக்கத் தண்ணீர் இத்தனை. காரத்தைத் தண்ணீரில் போடு, தண்ணீரைக் காரத்தில் ஊற்றாதே என்று சிவப்பு மையில். அவளுக்கு மறந்துபோகிறதை மட்டும்தான் அவள் எழுதி வைத்திருந்தாள். கைக்குத் தெரிந்ததை எழுதவில்லை. கடைசி வரியில், 'கெட்டிப்படுத்த உப்பு – இசக்கி' என்று இருந்தது.

இசக்கித்தாய் நாலு வீடு தள்ளி இருப்பவள். மாசி பிறந்தால் அளத்தில் உப்பு வாரப் போவாள். மழை மாதங்களில் வேலை இராது. அப்போதெல்லாம் ஞானபாய்க்குக் கூடமாட நின்று பானை கிண்டுவாள். அவர் அடுப்பு மூட்டுகிறார் என்று கேள்விப்பட்டதும், அளத்திலிருந்து திரும்புகிற வழியில், முகத்தில் சுற்றின துணிகூட அவிழ்க்காமல் வந்து நின்றாள். இடுப்பில் ஓலைப்பெட்டி நிறைய உப்பு.

"அய்யா, இந்த வருசத்து மொத உப்பு. நேத்துத்தான் வாரினோம். மொத வாரல மனசுக்கு வேண்டியவுக வீட்டுக்குக் குடுக்கணும்லா. அம்மாவுக்குன்னு எடுத்துவச்சேன்."

பெட்டியை அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பரல் பரலாக, வெயில் பட்டுக் கண் கூசிற்று.

"பழைய உப்புச் சாக்கு காலியா கெடக்கே இசக்கி, இதயே போட்டுருவமா?"

"போடுங்க. சோப்புக்குத்தான, தின்னவா போறோம்."

எண்ணெயைச் சூடாக்கி, காரக்கரைசலை ஊற்றி, தண்ணீர்ப் பானைக்குள் பானை வைத்து நாலு மணி நேரம் கிண்டினார்கள். கஞ்சிபோல் இருந்தது, பசையாகி, பசை கண்ணாடிபோல் தெளிந்தது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "பரவால்லயே அய்யா, கப்பல் மூட்ட எண்ணுன கைக்கு இதுவும் வருதே" என்றாள் இசக்கித்தாய். பசையை ஆற்றுத் தண்ணீரில் கரைத்தார்கள். குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீர்தான். போர்த் தண்ணீரை ஞானபாய் சாய்ப்புக்குள்ளேயே விடமாட்டாள். கடைசியில் உப்பைக் கரைத்து ஊற்றியதும், அதுவரை தேன்போல் இருந்த சோப்பு கலங்கியது. பால் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாக இழை ஓடிற்று. கையில் ஊற்றித் தேய்த்தால் நுரை இல்லை. வழவழவென்று ஒரு அழுக்குத்தான் விரலில் ஒட்டிற்று.

"என்னளா இது?"

"தெரியலயே. அம்மா கைக்கு இப்படி வந்தது கெடயாது."

இரண்டு நாள் யோசித்தார். நுரை இல்லையென்றால் காரம் பத்தவில்லை, எண்ணெய் முழுதும் சோப்பாகவில்லை என்று அவருக்குத் தோன்றிற்று. சமையலில் உப்பு குறைந்தால் உப்புப் போடுகிற மாதிரி, இன்னும் இருநூறு கிராம் காரத்தைக் கரைத்து ஊற்றிக் கிண்டினார். கொஞ்சம் நுரை வந்துவிட்டது. அந்தக் கொஞ்சத்தில் அவர் ஏமாந்தார். ஞானபாயின் அலமாரியில் இருந்த பி.எச். தாளைக் கிழித்து, கேனுக்குள் விட்டு எடுத்தார். இளம்பச்சை. டப்பா மேல் அச்சிட்ட நிறங்களோடு வைத்துப் பார்த்தால் எட்டுக்குப் பக்கத்தில் நின்றது. நல்லதுதான் என்று நினைத்து, மூன்று கேனில் இரண்டைத் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

சலேத்து போனில், "சோப்பம்மா காச்சுனதா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"வீட்டுல இருந்துதும்மா" என்றார் அவர்.

அது பொய்யில்லை. உண்மையும் இல்லை.

ஐந்தாம் நாள் சலேத்துவின் புருஷன் ரோச் பேசினான். "அண்ணாச்சி, ஒரு நட வந்துட்டுப் போங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை போனார். பூசை முடிந்து பெண்கள் கரையில் ஓலைக்கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஏசவில்லை. ஒவ்வொருத்தியாகக் கையை மட்டும் நீட்டினார்கள். விரலிடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி உரிந்திருந்தது. ஒருத்திக்கு நகக்கண்ணில் ரத்தம். சலேத்துவின் வலது கை வீங்கி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின மாதிரி நின்றன. மோதிரவிரல் அதைக்க அதைக்க, திருச்செந்தூரில் ஆசாரியிடம் போய் கல்யாண மோதிரத்தை அறுத்து எடுத்திருந்தார்கள்.

"அன்னைக்கு நண்டு நெறய. கழிக்கதும் கழுவதுமா இருந்தோம். மொத எரிச்சல் கண்டப்போ வெட்டுக்காயம்னு நெனச்சேன். சோப்பம்மா சோப்பாச்சே, அது எப்படிச் சுடும்னு இன்னும் ரெண்டு கை அள்ளிப் போட்டேன், பாத்துக்கிடுங்க." அவள் சிரிக்கப் பார்த்தாள். "புத்தி."

அப்போது கருவாடு பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி சொன்னாள்: "சோப்பம்மாவ என்னத்தக் கொற சொல்ல? மேலுக்கு முடியாம கெடந்தப்போ காச்சினதா இருக்கும். கை நடுங்கியிருக்கும். கூடக் கொறய விழுந்துருக்கும்."

"ஆமா" என்றாள் இன்னொருத்தி. "அந்த ஒடம்ப வச்சுக்கிட்டு நமக்காவக் காச்சிருக்காவளே. அதயில்லா நெனக்கணும்."

"பாவம். அடுத்த வாரம் சாமியார்ட்ட சொல்லி, அவிய பேருக்கு ஒரு பூச வைப்போம்."

"அவிய நம்ம வேதம் இல்லயேக்கா. சி.எஸ்.ஐ.லா?"

"பூசைக்கு என்ன சி.எஸ்.ஐ.? ஆத்துமா ஆத்துமாதான்."

பதினோரு பேரும் செத்தவளை மன்னித்துக்கொண்டிருந்தார்கள். அவர் நின்றார். சொல்வதற்கு இடம் இருந்தது, நேரமும் இருந்தது. 'நான்தான்' என்று ஒரு வார்த்தை. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் அதையும் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, ஒருத்தி ஓடிப்போய்க் கருப்பட்டிக் காப்பி வாங்கி வந்தாள்.

பஸ் ஏறும்போது சலேத்து சொன்னாள்: "வெசனப்படாதிய அண்ணாச்சி. ஒண்ணுதான். இனிமே வேண்டாம். அம்மா போயிட்டாவ, அம்மா சோப்பும் போச்சுன்னு நெனச்சுக்கிடுதோம்."

ஆத்தூர்ப் பாலம் தாண்டும்வரை அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு கிழிந்த மூட்டையை முழு மூட்டை என்று எழுதினதில்லை. சரக்கு இறக்குகிற ஸ்டிவடோர் கம்பெனிக்காரன் கெஞ்சியிருக்கிறான், மிரட்டியிருக்கிறான். எழுதினதில்லை. இன்று ஒருத்தரும் கேட்காமலே எழுதிவிட்டு வந்திருக்கிறார்.

வீட்டில் மிச்சம் ஒரு கேன் இருந்தது. அதைச் சரிபண்ணிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு எண்ணம். காரம் கூடினால் புளிப்பால் கொல்லவேண்டியதுதானே? பத்து எலுமிச்சம்பழம் வாங்கி வந்து பிழிந்தார். தாள் ஏழைக் காட்டும்வரை பிழியவேண்டும் என்று கணக்கு. ஏழுதான் நடு என்று டப்பாவில் போட்டிருந்தது. இசக்கித்தாய் அளம் முடிந்து வந்து பார்த்தபோது, கேனில் மேலே எண்ணெய் மிதந்தது, நடுவில் தயிர்போல் கட்டி, அடியில் தண்ணீர்.

"என்னய்யா செஞ்சிய?"

"எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன்."

"ஊறுகாயா போடுதிய? அம்மா இருந்தா இன்னேரம் அகப்பையாலயே போட்டுருப்பாவ ஒங்கள."

அவர் சிரிக்கவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். கைகளைச் சொன்னார். மோதிரத்தைச் சொன்னார். அவர்கள் பழியைத் தூக்கி ஞானபாய் தலையில் பூப்போல வைத்ததையும், தான் பேசாமல் நின்றதையும் சொன்னார். இசக்கித்தாய் முகத்துத் துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். கண்ணைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"அப்ப அம்மாதான் செஞ்சாவன்னு அவிய நெனச்சுக்கிட்டு இருக்காவளா, இந்த நிமிசம்?"

"ஆமா."

"நீங்க சரின்னுட்டு வந்திய."

"சரின்னு சொல்லல."

"இல்லன்னும் சொல்லல."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அவர் ஞானபாய் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக் கெமிஸ்ட்ரி ஆசிரியர் டேவிட்சனுக்குப் போன் செய்தார். அடக்கத்துக்கு வந்தவர். பொறுமையாகக் கேட்டார்.

"சார், தாள கெட்டிச் சோப்புலயே விட்டீங்களா? அங்கதான் தப்பு. அது சரியா நனையாது, நெறம் பொய் சொல்லும். ஒரு பங்கு சோப்பு எடுத்து, ஒம்பது பங்கு நல்ல தண்ணில கலக்கிட்டு அதுல விடுங்க. அப்புறம், ஏழுக்குக் கொண்டுவரணும்னு யார் சொன்னா? எண்ணெயில காச்சுற சோப்பு காரத்துலதான் சார் சோப்பா நிக்கும். ஒம்பதுல இருந்து பத்துக்குள்ள. புளிப்பப் போட்டு இழுத்தா எண்ணெய் எண்ணெயாப் பிரிஞ்சு போயிரும். ஞானபாயம்மா பிள்ளைங்களுக்கு இத அழகாச் செஞ்சு காட்டுவாங்க."

ஆலந்தலைக்கு அனுப்பின சோப்பில் ஒரு பாட்டில் சும்மா எடுத்து வைத்திருந்தார். அதைக் கலக்கித் தாளை விட்டார். கருநீலமாகி, கண்ணெதிரே ஊதாவுக்குப் போயிற்று. பன்னிரண்டுக்கும் மேல். இதைத்தான் அவர்கள் இரண்டு கை அள்ளிப் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள்.

ஆனால் முதலில் நுரை ஏன் செத்தது? அதற்கு விடை தெரியாமல் இன்னொரு பானை வைப்பதில் அர்த்தமில்லை. டாலி வேலையில் கணக்கு உதைத்தால் மொத்தத்தைப் பார்த்து முழித்துப் பயனில்லை. கப்பலின் ஒவ்வொரு அறையாக இறங்கி எண்ணவேண்டும். அவர் ஒரு கிலோ எண்ணெயில் சின்னதாகக் காய்ச்சினார். நோட்டில் இருந்த அளவேதான், ஒரு கிராம் கூட இல்லை, குறைய இல்லை. பசையை எட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிரித்தார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் கடையில் வாங்கின கேன் தண்ணீர். ஒன்றில் வாசனைத் தைலம் விட்டு, ஒன்றில் விடாமல். மூடி குலுக்கிக் குலுக்கி வரிசையாக வைத்தார். எல்லாவற்றிலும் நுரை பாட்டில் கழுத்துவரை ஏறி நின்றது.

சாயங்காலம் இசக்கித்தாய் வந்தாள். கோபம் ஆறவில்லை என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. ஆனால் பாட்டில்களைப் பார்த்ததும் கிட்டே வந்தாள்.

"இதுல நொர நல்லா வந்துருக்கே."

"எல்லாத்துலயும் வருது. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் போடல."

"என்னது?"

அவர் ஓலைப்பெட்டியிலிருந்து ஒரு கை உப்பை எடுத்து, தண்ணீரில் கரைத்து, ஒரு பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினார். கழுத்துவரை நின்ற நுரை தாழ்ந்து தாழ்ந்து, அடைமழைக்கு நின்ற மண்சுவர்போல உட்கார்ந்தது. வெள்ளை இழை ஓடிற்று.

இசக்கித்தாய்க்கு முகம் சுண்டிவிட்டது. "எங்க உப்பையா சொல்லுதிய? ஆறு வருசமா எங்க உப்புத்தான அம்மா போட்டாவ? ஊருக்கே எங்க உப்புத்தான் போவுது. அதுல குத்தமா?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. நீயே பாரு."

அவள் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு பெட்டியிலிருந்து ஒரு பரலை எடுத்து நாக்கில் வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றாள்.

"அய்யா."

"என்ன?"

"இது புது உப்புலா."

"ஆமா, நீதான சொன்ன."

"புது உப்புல கசப்பு நிக்கும்யா. ஊறுகாய்க்குப் போடமாட்டோம். கருவாட்டுக்குப் போடமாட்டோம். அம்பாரமாக் குவிச்சு, ஒரு மழ குடிச்சு, அந்தக் கசப்புத் தண்ணி எல்லாம் அடியில வடிஞ்ச பொறவுதான் அது வீட்டுக்கு ஆவும். அம்மா எங்கிட்ட வாங்குததெல்லாம் முந்தின வருசத்து அம்பாரத்து உப்பு. நாலு பேச்சு கேட்டுத்தான் வாங்குவாவ. எத்தன மழ பாத்துது, அடி உப்பா மேல் உப்பான்னு." அவள் குரல் இறங்கிற்று. "சோப்புக்குத்தான, தின்னவா போறோம்னேனே. எம் வாயால சொன்னேனே."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவர் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"மொத உப்புன்னு ஆசையாக் கொண்டாந்தேன்யா. அம்மாவுக்குன்னு."

"தெரியும்."

"நானும் ஆலந்தலைக்கு வாரேன். இசக்கிதான் செஞ்சான்னு எம் மேலயே சொல்லுங்க. நான் நின்னு கேட்டுக்கிடுதேன். அளத்துக்காரிக்கு ஏச்சு புதுசா?"

"புது உப்போட கசப்பு, போர்த் தண்ணி மாதிரி, நொரயத்தான் கொன்னுது இசக்கி. கையச் சுட்டது காரம். அது நான் போட்டது. ஒன்னயும் கேக்காம, ஒரு மனுசனயும் கேக்காம." காலிச் செம்பை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ வராண்டாம். நான் போறேன்" என்றார்.

ஆனால் உடனே போகவில்லை. வெறுங்கையோடு போய்ச் சொல்வது ஒரு வழி. அதில் தன்னுடைய பாரம்தான் இறங்கும், அவர்களுக்கு ஒன்றுமில்லை. இசக்கித்தாய் அளத்துக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டு, போன வருஷத்து அம்பாரத்தின் உள்ளிருந்து அரைச் சாக்கு உப்பு கொண்டுவந்தாள். மங்கல் நிறம், கையில் ஒட்டாத உலர்ந்த உப்பு. ஒரு கல்லை இருவரும் ஆளுக்குப் பாதியாக நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். கரிப்பு மட்டும்தான்.

பானை வைத்தார்கள். பங்குனி வெயிலில் சாய்ப்புக்குள் அடுப்பும் சேர்ந்து உடம்பு உருகிற்று. உப்புத் தண்ணீரை அவள் ஒரு கரண்டி ஊற்றுவாள், அவர் கிண்டுவார், இருவரும் நின்று பார்ப்பார்கள். பிறகு இன்னொரு கரண்டி. "போதும்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சோப்பு தேனாக விழுந்தது. கலக்கிப் பார்த்த தாள் ஒன்பதரைக்குப் பக்கத்தில் நின்றது. அவர் விடவில்லை. மூன்று நாள் ஆறவிட்டு மறுபடி பார்த்தார். அப்புறம் ஒரு வாரம், தினமும் காலையில் ரோட்டுமுனையில் ஒரு கிலோ சாளை வாங்கி வந்து, செதில் உரசி, குடல் எடுத்து, அந்தச் சோப்பாலேயே கை கழுவினார். மீன் வெட்டத் தெரியாதவர். முதல் நாளே மூன்று இடத்தில் வெட்டிக்கொண்டார். நல்லதாயிற்று என்று வெட்டுக்காயத்திலும் ஊற்றிப் பார்த்தார். எரியவில்லை. தினமும் சாளைக் குழம்பு தின்று இசக்கித்தாய் வீட்டுப் பூனைகூட மெத்தனமாகிவிட்டது.

எட்டாம் நாள், ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினார்.

ஆலந்தலையில் வள்ளங்கள் வந்து ஏலம் முடிந்திருந்தது. சலேத்து கொட்டகையில் வாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வீக்கம் வற்றி, விரல்களில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. கேனைப் பார்த்ததும் அரிவாள்மணையை நகர்த்தினாள்.

"என்ன அண்ணாச்சி, வேண்டாம்னு சொன்னம்லா."

"குடுக்க வரலம்மா. ஒண்ணு சொல்ல வந்தேன்."

அவர் நின்றபடியே சொன்னார். பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துவிட்டது. "அன்னைக்கு நான் அனுப்புனது ஞானபாய் காச்சினது இல்ல. அவ இருந்தவரைக்கும் காச்சினது ஒண்ணும் மிச்சம் இல்ல. அது நான் காச்சினது. எனக்குத் தெரியாது. நொர வரலன்னு காரத்தக் கூடப் போட்டேன். ஒங்க கையச் சுட்டது நான். நீங்கள்லாம் அவளச் சொன்னப்போ நான் வாய மூடிக்கிட்டு நின்னேன்."

சலேத்து கையில் ஒட்டியிருந்த மீன் ரத்தத்தை மணலில் துடைத்தாள்.

"செத்த பொம்பள மேல போட்டுட்டு, காப்பியும் குடிச்சிட்டு பஸ் ஏறிப் போயிட்டிய" என்றாள்.

"ஆமா."

"நாங்க பூச வச்சோம். சாமியார் பேர வாசிச்சாரு. 'அறியாமல் செய்த பிழையைப் பொறுத்தருளும்'னு நாங்க அத்தன பேரும் முட்டுப்போட்டு வேண்டிக்கிட்டோம். அவிய செய்யாத பிழைக்கு."

அவர் தலையை ஆட்டினார்.

"எங்கிட்டச் சொன்னாப் போதாது அண்ணாச்சி. வாங்க."

அவள் எழுந்து முன்னால் நடந்தாள். கேனை அங்கேயே வைத்துவிட்டு அவர் பின்னால் போனார். முதல் வீட்டில் ஒருத்தி பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். "ஏளா, இவிய ஒண்ணு சொல்லணுமாம், கேளு" என்றாள் சலேத்து. அவர் சொன்னார். அடுத்தவள் குசினியிலிருந்து கரண்டியோடு வந்தாள். அவளிடமும் சொன்னார். ஒருத்தி, "ஏன்யா, அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்க என்ன கடிச்சா தின்னுருப்போம்?" என்றாள். ஒருத்தி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ஒருத்தி அழுதாள். "அப்ப அவிய கை நடுங்கவே இல்லயா, கடைசி மட்டும்?" என்று கேட்டாள். "இல்ல" என்றார். "கடைசியா காச்சினதுகூட சுத்தமா இருந்துது." சொல்லச் சொல்ல வாக்கியம் சின்னதாகிக்கொண்டே வந்தது. அவளுக்குத் தப்பு இல்லை. நான் செய்தேன். மறைத்தேன். ஒன்பதாவது வீட்டில் அவ்வளவுதான் மிஞ்சியிருந்தது.

கடைசியாகக் கரையோரம் மிக்கேலம்மாள் வீடு. எண்பது தாண்டியவள், அந்தப் பதினோரு பேரில் சேராதவள்; வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து நெத்திலி பொறுக்கிக்கொண்டிருந்தாள். சலேத்து பங்கு கொடுத்த சோப்பில் அவள் கையிலும் தோல் உரிந்த தழும்பு இருந்தது.

"இதுக்குக் காது கேக்காது" என்றாள் சலேத்து. "சத்தம் போட்டுத்தான் சொல்லணும்."

அவர் குனிந்து, "கையச் சுட்டது நான் காச்சுன சோப்பு" என்றார்.

"என்னது?"

"நான் காச்சுனது! என் வீட்டுக்காரி இல்ல! நான்!"

வலை பிரித்துக்கொண்டிருந்த ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மிக்கேலம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். விளங்கிற்றா இல்லையா என்று தெரியவில்லை.

"அதுக்கென்ன, ஆறிப்போச்சு" என்றாள். "அவ எங்க, சோப்புக்காரி? எத்தன மாசமாச்சு, எட்டிப் பாக்கலயே. மொகத்துல முழிக்க வெக்கமாக்கும்?"

தேவபிரசாதம் சலேத்துவைப் பார்த்தார். அவள் கடலைப் பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் சொன்னாள்: "இதுகிட்ட மட்டும் யாரும் சொல்லல. சாவுச் சேதியக் கத்திச் சொல்ல ஒருத்திக்கும் மனசு வரல."

கிழவி பதிலுக்குக் காத்திருந்தாள். கையில் ஒரு நெத்திலி.

இந்த ஏறக்குறைய நூறு நாளில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. டேவிட்சனிடம்கூட 'ஞானபாய் இல்லாததால்' என்றுதான் தொடங்கியிருந்தார். மணலில் முட்டுப்போட்டு, கிழவியின் காதருகே வாயைக் கொண்டுபோனார். முதல் தடவை காற்றுத்தான் வந்தது.

"என்னது? கேக்கல."

"செத்துப்போயிட்டா" என்றார். கேட்கவில்லை என்று அவள் தலையை ஆட்டினாள். அவர் மூச்சை இழுத்துக்கொண்டு, கரை முழுக்கக் கேட்கும்படிக் கத்தினார்.

"எம் பொஞ்சாதி செத்துப்போயிட்டா!"

மிக்கேலம்மாளின் கையிலிருந்த நெத்திலி விழுந்தது. மீன் வாடை அடிக்கும் இரண்டு கைகளாலும் அவர் தலையைப் பிடித்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, "எய்யா, எய்யா" என்று அவள் ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். கதவைச் சாத்தினவளும் வந்தாள்.